பன்னீர் பட்ட சிவப்பு

சந்திரமௌலி பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். பணிதான் அவரை விட்டு ஓய்வதாக இல்லை. காலையில் பல் தேய்த்து முடித்ததும் சமையலறை வாசலில் வந்து நின்று, "இன்னைக்கு என்னென்ன நிலுவை?" என்று கேட்பார்.

"சுண்டல் தாளிக்கணும், அது நிலுவை. சாம்பார் வெங்காயம் உரிக்காம கெடக்கு, அது நிலுவை. உக்காந்து உரிங்க" என்பாள் காந்திமதி.

அவர் உரிக்க மாட்டார். உரிப்பது கீழ்நிலைப் பணி. அவர் முன்னாள் துணைச் செயலர்.

அந்த நவராத்திரி வெள்ளிக்கிழமை அவர் மனத்தில் இருந்த நிலுவை வேறு. வாராவாரம் இந்தக் குடும்பத்தைப் பார்த்துவருகிறவர்களுக்கு அது தெரியும். இந்த வாரம்தான் பக்கத்து வீட்டில் பத்திரிகையை இரவல் வாங்கியவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம்.

கரோல் பாக்கில் சந்திரமௌலியின் வீட்டு மொட்டைமாடியில் ஓர் ஒற்றை அறை. டெல்லிக்காரர்கள் அதைப் பர்சாத்தி என்பார்கள். மகன் கௌஷிக்கைக் கைப்பிடித்து வந்த மருமகள் அனன்யா அங்கே சாயம் போடுகிறாள். சாய வேதியியல் படித்தவள். ஒரு துணிக் கம்பெனியில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது சொந்தமாகப் பருத்திப் புடவைக்குச் சிவப்பு ஏற்றி விற்கிறாள். ஒரே ஒரு சிவப்புதான். அந்தச் சிவப்புக்காக குருகிராமில் பெண்கள் முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

அந்த அறை மாமனாருக்கு வேண்டும். அதில் உட்கார்ந்து அவர் சுயசரிதை எழுதப் போகிறார். முதல் வாக்கியம் மூன்று வருஷமாகத் தயாராக இருக்கிறது. இரண்டாவது வாக்கியத்துக்குத்தான் தனி அறை தேவைப்படுகிறது.

விஜயதசமி வரை மருமகளுக்கு அவகாசம் கொடுத்து, அதன்பின் பரிசீலிக்கப்படும் என்று அறிவித்திருந்தார். ஆனால் ஒரு சங்கடம். உத்தியோக வாழ்வில் அவர் தாமாக எதையும் முடிவு செய்ததில்லை. எல்லாக் கோப்பும் மேலே போகும், மேலிருந்து ஒப்புதல் வரும். இப்போது அவருக்கு மேலே இருப்பது மொட்டைமாடி மட்டும்தான். அங்கே மருமகள் இருக்கிறாள்.

ஆகவே மேலிடத்தை வீட்டுக்கே வரவழைத்தார். முன்னாள் செயலர் ஐயப்பன் அவர்களின் மனைவி ருக்மிணி மேடம், இன்று மாலை வெற்றிலைபாக்குக்கு வருகிறார். வந்தவர் அப்படியே மாடிக்கும் போய்ப் பார்த்து, "இதெல்லாம் வீட்டுல வெக்கலாமா?" என்று ஒரே ஒரு வரி சொல்லிவிட்டால் போதும். நவராத்திரிக் கமிட்டியில் ருக்மிணி மேடம் ஒரு வரி சொன்னால் இரண்டாவது வரியை யாரும் சொன்னதில்லை.

"அவ பாட்டுக்கு மேல கெடக்கா. ஒங்களுக்கு என்ன செய்யுது?" என்றாள் காந்திமதி, தேங்காயைத் துருவிக்கொண்டே.

"கெமிக்கல்! வீட்டுக்குள்ள கெமிக்கல்!"

"அவ எவ்வளவு சுத்தபத்தமா வச்சிருக்கான்னு போயிப் பாத்தியளா?"

"பாக்கணும்னு என்ன இருக்கு? நான் கொள்கை அளவுல சொல்லுதேன்."

காந்திமதி தேங்காய் துருவுவதை நிறுத்தி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மறுபடி துருவினாள். கொள்கை அளவில் பேசுகிறவரிடம் அவள் பதில் சொல்வதை விட்டுப் பல வருஷமாகிறது.

சாயத்தைப் பற்றி அனன்யா ஒருநாள் சாப்பிடும்போது சொன்னது காந்திமதியின் மனத்தில் அப்படியே இருக்கிறது. அனன்யா சரோஜினி நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அவள் தமிழ் பாதி வழியில் இந்திக்குப் போய் ஒரு சாயா குடித்துவிட்டுத்தான் திரும்பி வரும். "மத்த கலர் எல்லாம் துணி மேல சும்மா உக்காந்திருக்கும், அத்தை. இது நூலோட ஷாதி பண்ணிக்குது. வெறும் தண்ணில இருக்கறவரைக்கும் சும்மா ஃப்ரெண்ட்ஸ். சோடா உப்பு போட்டா பஸ், அவ்வளவுதான், கல்யாணம். அப்புறம் எத்தனை தோச்சாலும் டிவோர்ஸ் கிடையாது."

"நல்ல சம்பந்தம்தான்" என்று காந்திமதி சிரித்தாள். சந்திரமௌலி அன்று ரசத்தில் கவனமாக இருந்தார்.

காலை பத்து மணிக்கு இன்னொரு நிலுவை முளைத்தது. குங்குமம்.

ருக்மிணி மேடத்திடம் அவர் தொலைபேசியில் பெருமை அடித்திருந்தார். "நம்ம வீட்டுக் குங்குமம் திருநெல்வேலியில இருந்து தனியா வருது மேடம். அந்தச் சிவப்பை நீங்க டெல்லியில பாத்திருக்க முடியாது." திருநெல்வேலியிலிருந்து அது புறப்பட்டது உண்மை. இப்போது நாக்பூர் அருகே எங்கோ ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. வீட்டில் இருந்தது, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காந்திமதி அப்பளத்தோடு சேர்த்து வாங்கிவந்த பாக்கெட். அதை வெள்ளிச் சிமிழில் கொட்டிப் பார்த்தார். செங்கல் பொடி மாதிரி இருந்தது. இதை நெற்றியில் வைத்து அனுப்பினால் ஐயப்பன் சார் என்ன நினைப்பார்?

அப்போதுதான் மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த புடவை அவர் கண்ணில் பட்டது. அப்படி ஒரு சிவப்பு. வெயில் அதன் மேல் பட்டு, எதிர்வீட்டு வெள்ளைச் சுவரே வெட்கப்பட்ட மாதிரி இளஞ்சிவப்பாகியிருந்தது.

அனன்யா புடவை கொடுத்துவர வெளியே போயிருந்தாள். பர்சாத்தி பூட்டியிருந்தது. ஆனால் வீட்டு உரிமையாளர் என்ற முறையில் எல்லா அறைக்கும் மாற்றுச்சாவி சந்திரமௌலியிடம் உண்டு. சிமிழோடு மாடியேறித் திறந்தார்.

திறந்தவர் சற்று நேரம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

ஏதோ களேபரத்தை எதிர்பார்த்து வந்திருந்தார். அங்கே ஒரு அலுவலகம் இருந்தது. அவர் தம் காலத்தில் நடத்த ஆசைப்பட்டு, நடத்த முடியாமல் போன அலுவலகம். ஆணியில் தொங்கும் ஏப்ரன். மூக்கையும் வாயையும் கவ்விப் பிடிக்கிற கனமான முகமூடி, தூசி படாமல் உறைக்குள். கையுறைகள். கரண்டி, வாளி, கிண்ணம் எல்லாவற்றிலும் கறுப்பு மார்க்கரில் ‘சமையலுக்கு அல்ல’. பொடியை அளப்பதற்கென்று முன்பக்கம் மட்டும் திறந்த ஓர் அட்டைப்பெட்டி. அதன் அடியில் ஈரச் செய்தித்தாள் விரித்திருந்தது. ஒரு துகள் தப்பி விழுந்தாலும் ஈரத்தில் சிவப்புப் புள்ளியாக மலர்ந்து தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். காட்டிக்கொடுக்கும் செய்தித்தாள்! இப்படி ஒன்று தம் பிரிவில் இருந்திருந்தால் எத்தனை குமாஸ்தாக்களைப் பிடித்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

அலமாரியில் டப்பா. அதன் மேல் இந்தியிலும் ஆங்கிலத்திலும், கீழே குழந்தை எழுதினது போன்ற தமிழிலும் ஒரு சீட்டு. ‘சிவப்புப் பொடி. மூக்குக்கு, கண்ணுக்கு, சமையலறைக்கு ஆகாது. என்னைக் கேட்காமல் திறக்க வேண்டாம். ஃபேன் போட வேண்டாம்.’

சந்திரமௌலி அதைப் படித்து மெச்சினார். தெளிவான உத்தரவு. கீழே வேலை செய்பவர்களுக்கு இப்படித்தான் எழுதி ஒட்ட வேண்டும்.

பிறகு ஃபேனைப் போட்டார். அக்டோபரிலும் பர்சாத்தி வேகத்தான் செய்யும்.

மூடியைத் திறந்ததும் லேசாக ஒரு புகை எழுந்து ஃபேன் காற்றில் கலந்தது. நாலு தும்மல் தும்மினார். உள்ளே பார்த்தால் ஏமாற்றம். கொடியில் தொங்கிய சிவப்பு எங்கே, இந்த மங்கிய பழுப்பு எங்கே! ஒரு ஸ்பூன் எடுத்துச் சிமிழில் இருந்த குங்குமத்தோடு கலந்தார். பெரிதாக ஒன்றும் மாறவில்லை. இன்னொரு ஸ்பூன். ம்ஹூம். மூன்றாவதையும் போட்டு, மூடியை மேலோட்டமாக வைத்துவிட்டு இறங்கினார். சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். பெண்கள் ஒரு விஷயத்தை எவ்வளவு பெரிதாக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

காய்ந்த பொடியாக இருக்கும்வரை அந்தச் சாயம் தன் நிறத்தை வெளியே காட்டாது. அதற்குத் தண்ணீர் பட வேண்டும். இது அனன்யாவுக்குத் தெரியும். அனன்யாவோடு பேசுகிறவர்களுக்கும் தெரியும்.

*

மாலை ருக்மிணி மேடம் வந்தார். சந்தன நிறப் பட்டு. கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பிப் பார்க்கும் பழக்கம். ஐந்து படிக் கொலுவை மேலிருந்து கீழாக ஆய்வு செய்தார்.

"திருநெவேலியில உங்களவா கொலு வெப்பாளா என்ன?"

"ஊர்ல கெடயாது மேடம்" என்றாள் காந்திமதி. "சரோஜினி நகர்ல இருக்கையில அக்கம்பக்கத்துல பாத்துத் தொத்திக்கிட்டது."

"இது நம்ம கலாசாரம் மேடம்" என்று சந்திரமௌலி திருத்தினார்.

சுண்டல் ஆயிற்று. பாட்டு ஆயிற்று. பாட்டு என்றால் ருக்மிணி மேடம் பாடினார், மற்றவர்கள் அது முடியும்வரை கேட்டார்கள். காந்திமதி தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், ரவிக்கைத்துணி வைத்து நீட்டினாள். சிமிழைத் திறந்து கொடுத்தாள். மேடம் தாமே நெற்றியில் அகலமாக ஒரு பொட்டு வைத்துக்கொண்டு, வகிட்டிலும் ஒரு தீற்றல் இழுத்துக்கொண்டார்.

"இதுதானா அந்த ஸ்பெஷல் குங்குமம்? சுமாராத்தான் இருக்கு."

சந்திரமௌலிக்குச் சுருக்கென்றது. விருந்தினரை இந்தக் குறையோடு வழியனுப்ப முடியாது. மகன் கல்யாணத்தில் வாங்கிய வெள்ளிப் பன்னீர்ச் சொம்பை எடுத்தார். வாசலில் நின்று, பழைய பாணியில், மேடத்தின் மேல் தாராளமாகத் தெளித்தார்.

தண்ணீர் பட்டது.

முதலில் நெற்றிப்பொட்டு விழித்துக்கொண்டது. கொடியில் பார்த்த அதே சிவப்பு, கண் கூசுகிற சிவப்பு. பிறகு அது நடக்கத் தொடங்கியது. மூக்கின் மேல் ஒரு கோடு, புருவத்தின் இருபுறமும் இரண்டு கோடு. வகிட்டிலிருந்து நரைமுடி வழியாகக் கிளைகள். சந்தனப் பட்டின் தோளில் ஒரு சொட்டு விழுந்து, உள்ளங்கை அளவுக்கு விரிந்தது.

ருக்மிணி மேடம் எதிர்க் கண்ணாடியில் தம்மைப் பார்த்தார். கமிட்டியில் யாரும் அதுவரை கேட்டிராத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது.

"சோடா! சமையல் சோடாவைக் கொண்டா!" என்று கத்தினார் சந்திரமௌலி. "எந்தக் கறையும் போயிரும் மேடம், நான் கேரண்டி!"

காந்திமதி அசையவில்லை. அவள் காதில் அந்தக் கல்யாணக் கதை ஓடிக்கொண்டிருந்தது. "சோடாவா? வேண்டாங்க. அது கூடாது."

"எடுத்தாங்கிறேன்ல!"

"நை நை நை! சோடா தொடாதீங்க!"

வாசலில் அனன்யா. தோளில் பை. ஒரே பார்வையில் நெற்றி, சிமிழ், சொம்பு மூன்றையும் பார்த்துவிட்டாள். அதற்கு மேல் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பையை வாசலுக்கு வெளியே வைத்தாள். சுவிட்சைத் தட்டி ஃபேனை நிறுத்தினாள்.

"ஆன்ட்டி, கண்ணை மூடுங்க. கை வெக்காதீங்க. தேய்க்காதீங்க. என் கையைப் பிடிச்சுட்டு வாங்க. குனிஞ்சு. இன்னும் குனிஞ்சு."

ருக்மிணி மேடத்தைக் குனியச் சொல்லி யாரும் பார்த்ததில்லை. அவர் குனிந்தார்.

வாஷ்பேசினில் குழாயைத் திறந்து, தண்ணீர் கண் பக்கம் வராமல் உச்சியிலிருந்து முன்னால் வழிந்து போகும்படி தலையைப் பிடித்துக்கொண்டாள் அனன்யா. வெறும் பச்சைத் தண்ணீர். சோப்பு இல்லை, வெந்நீர் இல்லை, அவசரம் இல்லை. பேசின் முழுக்கச் சிவப்பு ஓடியது. மேடம் ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்த்தார்.

"ரத்தம் மாதிரி போறதேடீ!"

"கலர்தான், ஆன்ட்டி. ஒரு சிட்டிகை இருந்தா ஒரு பக்கெட் ஆயிடும். பயப்படாதீங்க. போறது எல்லாம் நல்லதுக்கு. நிக்கிறதுதான் தப்பு. கண் எரியுதா? சச், உண்மையைச் சொல்லுங்க."

"எரியலை."

"அச்சா. வாய்ல போச்சா?"

"போகலை."

"குட். இன்னும் கொஞ்சம் நேரம் இப்படியே. பாட்டு பாடணும்னா பாடுங்க."

சந்திரமௌலி மூச்சை நிறுத்திக்கொண்டார். செயலர் மனைவியிடம் நகைச்சுவை! ஆனால் குழாய்க்கு அடியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. நிஜமான சிரிப்பு.

"அத்தை, புடவை?"

"நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் காந்திமதி. மேடத்துக்குத் தன் நூல்புடவையைக் கொடுத்து, பட்டை வாங்கி, அந்த இடத்தை மட்டும் குளிர்ந்த தண்ணீரின் கீழே நீட்டிப் பிடித்தாள். பிழியவில்லை, கசக்கவில்லை. விரல்நுனியால் துணியைத் தண்ணீரில் ஆட்டி ஆட்டி, சிவப்பு தானாக விலகிப் போகும்வரை பொறுமையாக நின்றாள். சந்திரமௌலி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். இவள் எங்கே கற்றாள் இதை? தாம் மதியம் தூங்கும் நேரத்தில் மாடியில் இரண்டு பேர் ஈரப் புடவையின் இரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவருக்கு எப்படித் தெரியும்?

கடைசியில் குழந்தைகளுக்குப் போடும் சோப்பைக் கொஞ்சமாகத் தடவிக் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்தாள் அனன்யா. பட்டில் ஒன்றுமில்லை. தலையில் ஒன்றுமில்லை. நெற்றியில் மட்டும் காலணா அகலத்துக்கு ஒரு ரோஜா நிறம் தங்கிவிட்டது.

"இது போகாது, ஆன்ட்டி. தோல் மேல கல்யாணம் பண்ணிடுச்சு. நாலஞ்சு நாள்ல பழைய தோல் உதிரும்போது தானா போயிடும். சுரண்டாதீங்க. அரிச்சாலோ தடிச்சாலோ எனக்கு போன் பண்ணுங்க, ராத்திரின்னாலும்."

ருக்மிணி மேடம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நிமிர்ந்ததும் பதவி திரும்பி வந்துவிட்டது.

"எல்லாம் சரி. உன்னோட சாயப்பொடி இந்தச் சிமிழுக்கு எப்படி வந்தது?"

அனன்யாவின் முகம் வெளிறியது. "தெரியலை, ஆன்ட்டி. கீழே நான் கொண்டு வர்றதே இல்லை. ஒரு நிமிஷம்." மாடிக்கு ஓடினாள்.

"இதோ பாருங்கோ சந்திரமௌலி" என்றார் மேடம். "இதெல்லாம் வீட்டுல வெக்கலாமா? இன்னிக்கே காலி பண்ணச் சொல்லுங்கோ."

வந்துவிட்டது. எந்த வரிக்காகச் சுண்டல் தாளிக்கவைத்தாரோ அந்த வரி, எழுத்துப் பிசகாமல். மேலிட ஒப்புதல். இனி அவர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பதில் அவருக்கு இருந்த அனுபவம் மத்திய அரசுச் செயலகமே அறிந்தது.

காந்திமதி அவரைப் பார்த்தாள். அவர் கொலுவில் இருந்த செட்டியார் பொம்மையைப் பார்த்தார்.

அனன்யா இறங்கி வந்தாள். முகமூடி கழுத்தில் தொங்கியது. மூச்சு வாங்கியது.

"மேல ஃபேன் ஓடிட்டு இருந்தது. டப்பா மூடி சும்மா மேல வெச்சிருக்கு. யாரோ திறந்திருக்காங்க."

"நீயே மறந்து வெச்சுட்டுப் போயிருப்பே" என்றார் மேடம்.

"மூடியை மறக்கலாம், ஆன்ட்டி. நானும் மனுஷிதான். ஆனா ஃபேன் போட மாட்டேன். கை போகவே போகாது." அவள் மூன்று பேரையும் பார்த்தாள். "யாரு திறந்தீங்க?"

சந்திரமௌலி செட்டியார் பொம்மையை நேராக்கி வைத்தார்.

"தப்பு யாரோடதுன்னு நான் கேக்கலை. அது யார் மூக்குல போச்சுன்னு கேக்கறேன். தோல்ல பட்டா கழுவிடலாம். மூச்சுல போறதுதான் பேஜார். சிலபேர் உடம்பு அதை எதிரின்னு ஞாபகம் வெச்சுக்கும். அடுத்த தடவை ஒரு துளி பறந்தாலும் மூச்சு அடைக்கும். எல்லாருக்கும் ஆகாது. மோஸ்ட்லி ஒண்ணும் ஆகாது. ஆனா யாருக்கு ஆகும்னு முன்னாடியே தெரியாது. அத்தை, நீங்களா?"

"நான் ஏன் ஃபேனு போடுதேன்?"

அந்த நேரம் பார்த்துச் சந்திரமௌலிக்கு மூக்கு அரித்தது. காலையில் போட்ட நாலு தும்மல் நினைவுக்கு வந்தது. நெஞ்சில் ஏதோ கனமாக இருந்தது. சுண்டலாகவும் இருக்கலாம். ஆனால் சுண்டல் என்று எந்த அடிப்படையில் முடிவுக்கு வருவது?

சிலரை மனசாட்சி பேச வைக்கும். சந்திரமௌலியை நுரையீரல் பேச வைத்தது.

"இது தொடர்பா ஒரு சின்ன விளக்கம்" என்றார். "இன்று காலை அந்த டப்பா திறக்கப்பட்டது."

"யாரால?" என்றாள் காந்திமதி.

"நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு…"

"யாராலங்க?"

"என்னால."

கொலுப் பொம்மைகள்கூட அவரையே பார்ப்பதுபோல் இருந்தது.

"என் நெத்தியில பரிசோதனை பண்ணினியா நீ?" என்றார் ருக்மிணி மேடம். மரியாதை கழன்று விழுந்த சத்தம் சந்திரமௌலிக்குக் கேட்டது.

"நல்ல செவப்பா இருக்கட்டும்னு…"

அனன்யா மட்டும் திட்டவில்லை. நேராக அவரிடம் வந்தாள். "மாமா, இங்க ஜன்னல்கிட்ட உக்காருங்க. இருமல் இருக்கா? நெஞ்சு இறுக்கம்? மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம்? இல்லையா? அச்சா. நல்லா இழுத்து விடுங்க. இன்னொரு தடவை. எதுக்கும் டாக்டரைப் பாத்துடலாம், நான் கூட்டிட்டுப் போறேன். எந்தச் சட்டை போட்டுட்டுத் திறந்தீங்க?"

"இதேதான்."

"நாள் பூரா இதோடயா! உதறாதீங்க. பால்கனிக்கு வந்து மெதுவா கழட்டுங்க."

முன்னாள் துணைச் செயலர், முன்னாள் செயலரின் மனைவி முன்னிலையில், பனியனோடு நின்றார். அவருடைய சுயசரிதையில் இந்தக் காட்சிக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

வெள்ளைச் சட்டைதான் அது. ஒரு கறைகூட இல்லை என்று அவர் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார். அனன்யா கையுறை மாட்டி அதை வாளித் தண்ணீரில் மெல்ல அமிழ்த்தினாள். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு காலரிலிருந்து ஓர் இழை, பையிலிருந்து ஓர் இழை, மடிப்புகளிலிருந்து நூறு இழை. தண்ணீருக்குள் சிவப்பு சுருண்டு சுருண்டு விரிந்தது. கண்ணுக்கே தெரியாமல் நாளெல்லாம் அவர் சுமந்து திரிந்தது, வாளி நிறைய மலர்ந்து நின்றது. மாலை வெயில் அதில் இறங்கியது.

நால்வரும் சுற்றி நின்று பார்த்தார்கள். 

"சனியன், அழகாத்தான் இருக்கு" என்றார் ருக்மிணி மேடம்.

சந்திரமௌலி இப்போது வாளியைப் பார்க்கவில்லை. மருமகளின் கைகளைப் பார்த்தார். இவ்வளவு கலவரத்திலும் அந்தக் கைகள் ஒரு சொட்டைத் தரையில் விடவில்லை. தரையில், சுவரில், அவள் உடுப்பில் எங்கும் ஒரு புள்ளி கிடையாது. சிமிழை மூடி ஈரத்துணியில் சுற்றியாயிற்று. தாம்பாளத்தைத் துடைத்த துணி தனிப் பையில். துடைப்பத்தை யாரும் தொடக்கூடாது என்று சொல்லியாயிற்று, பெருக்கினால் பறக்குமாம், ஈரத்தால்தான் ஒற்ற வேண்டுமாம். முப்பது வருஷம் எத்தனையோ மேலதிகாரிகளுக்குச் சலாம் போட்டுப் பார்த்திருக்கிறார். நெருக்கடியில் குரல் உயர்த்தாத அதிகாரியை இன்றுதான் பார்க்கிறார். பனியனோடு நின்றாலும், அந்த மனிதருக்கு அதை ஒப்புக்கொள்ளும் நேர்மை இருந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டார். மேலிடத்தைக் கேட்காமல் வாழ்க்கையில் முதல் உத்தரவைப் போட்டார்.

"அனன்யா, அந்த ரூமு இனி ஒனக்குத்தான். விஜயதசமி, பரிசீலனை, ஒண்ணுங் கெடயாது. மேடம் என்ன சொன்னாலும் சரி."

ருக்மிணி மேடம் ரோஜா நெற்றியோடு தலையை ஆட்டினார். அந்தச் சைகை மாமனாரைவிட மருமகளுக்குத்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

அனன்யா கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி கழற்றினாள். கை கழுவினாள். துடைத்துக்கொண்டாள். பிறகுதான் திரும்பினாள்.

"தேங்க்ஸ், மாமா. ஆனா எனக்கு அந்த ரூம் வேண்டாம்."

"ஏம்மா? நான்தான் சொல்லுதேனே…"

"கோவத்துல சொல்லலை. மாஸ்க், க்ளவ்ஸ், பேப்பர் எல்லாம் அப்புறம். நாங்க படிச்ச முதல் ரூலே வேற. இதைப் பத்தித் தெரியாதவங்க கைக்கு இது எட்டக் கூடாது. சாப்பிடற வீட்டுல இது இருக்கவே கூடாது. ரூம் சும்மா கிடைக்குதேன்னு ஆசைப்பட்டு நான்தான் வெச்சேன். எத்தனை சீட்டு ஒட்டினாலும் வீடுன்னா யாராவது திறப்பாங்க. இன்னிக்கு நீங்க. நாளைக்கு நானே மறந்து போகலாம்." அவள் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் தடுமாறியது. "ஓக்லா இண்டஸ்ட்ரியல் ஏரியால ஒரு ஷெட் பாத்து வெச்சிருக்கேன். நல்ல காத்தோட்டம், தனிப் பூட்டு. பக்கத்துலயே ஒரு ஃப்ளாட்டும் இருக்கு. கௌஷிக்கும் நானும் அங்க போயிடலாம்னு…"

"கௌஷிக்குக்குத் தெரியுமா?"

"அவர்தான் அட்வான்ஸ் கொடுத்தார், மாமா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமதான் ஹைதராபாத் போயிருக்கார்."

பர்சாத்தி அவருக்குக் கிடைத்துவிட்டது. காலையில் கிடைத்திருந்தால் கொண்டாடியிருப்பார். இப்போது அந்த மொட்டைமாடியை, கொடியில் ஒன்றும் தொங்காமல், நினைத்துப் பார்த்தார். நாற்காலி, மேஜை, அந்த ஒரே வாக்கியம்.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கிடலாம்" என்றார். குரல் தமக்கே கேட்கவில்லை.

காந்திமதி மேடத்தின் பட்டைக் காற்றாட விரித்துப் போட்டு, விளிம்பை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். நீவியபடியே கேட்டாள்.

"அந்த ஃப்ளாட்டுல எத்தன ரூமு?"

"ரெண்டு, அத்தை."

"ஒண்ணுல எனக்கு ஒரு கட்டில் போட எடம் இருக்குமா?"

சந்திரமௌலி சிரித்தார். அவளும் சிரிப்பாள் என்று காத்திருந்தார். அவள் அனன்யாவின் பதிலுக்காகக் காத்திருந்தாள்.